வரிசையில் நின்ற ஏரி

மூணுகல் ஏரி ஒரு வியாழக்கிழமை காலை எட்டு மணி வாக்கில், தான் கிடந்த பள்ளத்தை விட்டு எழுந்து வந்து, மலையை விட்டுக் கீழே இறங்குகிற வண்டிகளின் வரிசையில், கேரட் ஏற்றிய லாரி ஒன்றுக்குப் பின்னாலும் சுற்றுலா வேன் ஒன்றுக்கு முன்னாலும் நின்றுகொண்டது. மே மாதம், பள்ளிக்கூட லீவு. ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே அந்த ஒற்றைத் தார் ரோட்டில் ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் உரசிக்கொண்டு நின்று, ஆட்கள் ரோட்டிலேயே பல் தேய்த்து, ரோட்டிலேயே தக்காளிச் சோறு கிளறி, ரோட்டிலேயே சண்டை போட்டு ராசியாகி, ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளைகூட ரோட்டிலேயே பேசி முடித்திருந்ததால், வரிசையில் இன்னும் ஒன்று வந்து நின்றதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் நின்ற வேன்காரர் மட்டும் ரெண்டு தடவை ஹாரன் அடித்து, "எடுப்பா, முன்னால எடம் கெடக்குல்ல" என்றார். ஏரி பத்தடி நகர்ந்தது.

அப்படியே பத்தடி, இருபதடி என்று நகர்ந்து அது பிளாஸ்டிக் சோதனைச் சாவடிக்கு வந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர் எல்லா வண்டியையும் கேட்பதுபோலவே, "பாட்டில் இருக்கா?" என்று எட்டிப் பார்த்து, உள்ளே கிடந்ததைக் கண்டு தலையில் கைவைத்து, "போ போ, பின்னால வண்டி நிக்குது" என்று கையை ஆட்டி விட்டுவிட்டார். பன்னிரண்டாவது வளைவில்தான் வந்தது சிக்கல். அந்த இடத்தில் வண்டியை நிறுத்திப் பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்கென்று அகலமாக விட்டிருப்பார்கள். இத்தனை தூரம் உடம்பை ஒடுக்கிக்கொண்டு வந்த ஏரி, சற்றே சாய்ந்துகொள்ளலாம் என்று அங்கே பரவியது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் அடி தெரியாத பள்ளம், நடுவில் ஏரி. பூனை நுழையக்கூட வழியில்லாமல் ரோடு அடைபட்டுப் போனது. மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறது பொறுத்து நிற்கணும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த முறை, ஏரிக்கும் தெரிந்திருந்தது. ஏறுகிற வண்டிகளோ அடிவாரம் வரைக்கும் ஒன்றின்மேல் ஒன்று முட்டிக்கொண்டு, இன்ஜினை அணைக்காமல், ஹாரன் அடித்தபடி நின்றன. ஆக, ஏரி அவர்களுக்காக நின்றது, அவர்கள் ஏரிக்காக நின்றார்கள்.

அந்த நேரத்தில் தங்கேஸ்வரி ஊரில், கேரட் கழுவுகிற ஷெட்டில் நின்றுகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது, சேலைக்கு மேலே புருஷனின் பழைய சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ், யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை கீழே பார்த்துக்கொள்கிற ஆள். அவளுக்கு மூன்றரை மாதத்தில் தன்யாஸ்ரீ என்று ஒரு பெண்குழந்தை. அன்றைக்கு அதற்கு ஊசி போடும் நாள். அன்றைக்கென்று பார்த்து ரெண்டு லோடு கேரட் மண்ணோடு வந்து குவிந்துவிட்டது, மேஸ்திரி லீவு இல்லை என்றுவிட்டார், புருஷன் கீழே சந்தையில் மூட்டை இறக்கப் போயிருந்தான். "நான் போயிட்டு வரேன் அண்ணி, பத்து மணிக்கெல்லாம் பாப்பா ஒங்க மடியில இருப்பா" என்று நாத்தனார் கலாராணிதான் ஆறு மணி பஸ்ஸில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடிவாரத்துச் சுகாதார நிலையத்துக்குப் போனாள். ஐந்தரைக்குக் கொடுத்த பால்தான். புட்டிப்பாலை அது நாக்கால் தள்ளும், சர்க்கரைத் தண்ணீரைத் துப்பும். தங்கேஸ்வரியைத் தவிர வேறெதையும் அது சாப்பாடு என்று ஒத்துக்கொண்டதில்லை.

எட்டேகாலுக்கு ஷெட்டில் தண்ணீர் நின்றது. மோட்டார் பழுதென்று மோட்டாரைத் தட்டினார்கள், குழாயை உதறினார்கள், பிறகு போய்ப் பார்த்தால் ஏரி கிடந்த இடத்தில் வெறும் சேறும், சேற்றில் முப்பது வருஷத்துக் கறுப்புக் கண்ணாடிகளும், ஒற்றைச் செருப்புகளும், வாத்து உருவத்தில் செய்த மிதிபடகுகளான வாத்து போட்டுகள் சாய்ந்து கிடந்ததும்தான் இருந்தன.

"ஏரி எங்கய்யா?" என்றார் மேஸ்திரி.

"இப்பத்தான் கீழ போச்சு" என்றார் டீக்கடைக்காரர், டீயை ஆற்றிக்கொண்டே. "ரொம்ப தூரம் போயிருக்காது. இருக்கிற டிராபிக்குல எங்க போவுது?"

"சொல்லாம கொள்ளாமலா?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. ஒங்ககிட்ட சொல்லிருக்கும்னு நெனச்சேன்."

 மேஸ்திரி தனக்குத் தெரிந்ததைச் செய்தார். கேரட் மூட்டைகளை டிராக்டரில் ஏற்றி, பொம்பளைகளையும் ஏற்றி, காட்டுப் பாதை வழியாகப் பன்னிரண்டாவது வளைவுக்கு அனுப்பிவிட்டார். அவர்கள் போய்ச் சேருவதற்குள் பாதி ஊர் அங்கே வந்திருந்தது. சோளக்கதிர் சுடுகிறவர் அடுப்பை மூட்டியிருந்தார், குதிரைக்காரர்கள் குதிரைகளைக் கொண்டுவந்திருந்தார்கள், படகுக் கான்ட்ராக்டர் ராசகம்பீரம் காலி லாரிகளில் வாத்து போட்டுகளை ஏற்றிவந்து இறக்கி, ஒரு ஸ்டூல் போட்டு டிக்கெட் கிழிக்க ஆரம்பித்திருந்தார். வண்டியில் அடைபட்டுக் கிடந்த ஆட்கள் இறங்கி வந்து லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டார்கள். பொம்பளைகள் வரிசையாக உட்கார்ந்து கேரட்டைக் கழுவினார்கள். தார் ரோட்டின் மேல் எப்படி இவ்வளவு ஆழம் என்று ஒருத்தர் கேட்டார், அவர் வெளியூர்.

ஏரியை ஊருக்கே திருப்பி அனுப்பணும் என்று லாட்ஜ்காரர்கள் சொன்னார்கள். வேண்டாம், இங்கேயே கிடக்கட்டும், வருகிறவர்கள் பாதி வழியிலேயே பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால் ஊருக்குள் நெரிசலாவது குறையும் என்று வேறு சிலர் சொன்னார்கள். ஊருக்குள் ஆளே வராவிட்டால் நாங்கள் சாக்லேட்டை யாருக்கு விற்பது என்று சாக்லேட் கடைக்காரர்கள் கேட்டார்கள். ஒவ்வொருத்தர் பேசும்போதும் தங்கேஸ்வரிக்கு அவர் சொல்வதுதான் சரி என்று பட்டது, அடுத்தவர் வாயைத் திறந்ததும் இதுதான் சரி என்று பட்டது. எந்தப் பக்கம் நின்றாலும் பாதி ஊருக்கு எதிரில் நிற்பதுபோல் இருந்ததால் அவள் குனிந்து கேரட்டைக் கழுவினாள்.

பத்தேகாலுக்கு அவள் போன் அடித்தது. ஊரில் கிடைக்காத சிக்னல் அந்த வளைவில் மட்டும் கொஞ்சம் கிடைக்கும்.

"அண்ணி, பஸ்ஸு நின்னுருச்சு. முன்னால பூரா தண்ணியா இருக்கு."

"எங்க நிக்கிறீங்க?"

"பன்னெண்டாவது வளைவுல. ஊசி போட்டதுல பாப்பாவுக்கு மேலு சுடுது அண்ணி, கத்திக்கிட்டே இருக்கா. நீங்க எங்க இருக்கீங்க?"

தங்கேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். ஏரிக்கு அந்தப் பக்கம், பஸ்ஸின் பச்சை மூக்குக்குப் பக்கத்தில், மஞ்சள் சுடிதாரில் கலாராணி நின்று ஒரு கையில் போனும் ஒரு கையில் துண்டு சுற்றிய குழந்தையுமாக இங்கேயும் அங்கேயும் தேடிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஆனால் ரெண்டு பக்கமும் ஹாரன். போன் அத்தோடு செத்துப்போனது. குழந்தை அழுகிற சத்தம் கேட்கவில்லை, வாய் திறந்து திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பால் சுரந்து, சேலையை நனைத்து, புருஷன் சட்டையையும் நனைத்தது.

அவள் போய், வண்டிகளை ஒழுங்குபடுத்த நின்ற போலீஸ் ஏட்டையாவிடம் நின்றாள். ஏட்டையா நாலு நாளாகத் தூங்காதவர்.

"ஏறுற வண்டிக்குத்தாம்மா வழி. ஏரி எறங்குது, அதனால அது ஒதுங்கணும். ஒதுங்க எடமில்ல, அதனால ஏறுறவன் பின்னால போகணும். அவனுக்குப் பின்னால நானூறு வண்டி நிக்குது. அதனால..." அவர் விசிலை வாயில் வைத்து, ஊதாமல் எடுத்தார். "அதனால என்னன்னு மேல கேட்டுருக்கேன்."

கூட வேலை செய்யும் எஸ்தரு அக்கா கேரட்டை அலசியபடி சொன்னாள்: "என்னாடி, முன்னால பூரா நனைஞ்சு நிக்கிற? போயி மேஸ்திரிகிட்ட சொல்லேன். வாயில என்ன கேரட்டா வச்சிருக்க?"

மேஸ்திரியோ, "பஸ்ஸு வந்துரும், வந்துரும்" என்றார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்பது அவர் ரெண்டு தடவை சொன்னதிலேயே தெரிந்தது.

பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது. வாத்து போட்டுகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. ஆட்கள் பெடலை மிதித்துக்கொண்டு போவார்கள், மறுகரைக்கு நாலு முழம் இருக்கும்போது வட்டமடித்துத் திரும்பி வந்துவிடுவார்கள். முப்பது வருஷமாக அந்த ஏரியில் படகு என்றால் அதுதான். அரை மணி நேரம், ஒரு ரவுண்டு, ஏறின இடத்திலேயே இறக்கம். எந்தப் படகும் எந்த ஊருக்கும் போனதில்லை. கரையில் நின்ற அத்தனை பேரில், ஏட்டையாவும் மேஸ்திரியும் லாட்ஜ்காரர்களும் உட்பட, ஒருத்தருக்கும் படகில் ஏறி அந்தக் கரைக்குப் போகலாம் என்று தோன்றவே இல்லை. தங்கேஸ்வரிக்கும் தோன்றவில்லை. அந்தக் கரையில் கலாராணி பிள்ளையைத் தோளில் போட்டு நடப்பதையும், வாத்துகள் அவளிடம் போய்ப் போய்த் திரும்புவதையும் பார்த்துக்கொண்டே ஐம்பது கிலோ கேரட் கழுவிவிட்டாள்.

ஒன்றரை மணிக்கு ஒரு வாத்து, ஓட்டியவர்களுக்குத் திருப்பத் தெரியாமல், மறுகரையில் போய் இடித்தது. கலாராணி வேடிக்கை காட்டக் குழந்தையை வாத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். குழந்தையின் கை போய் வாத்தின் மஞ்சள் மூக்கில் பட்டது. பிறகு அந்த வாத்து திக்கித் திணறி வட்டமடித்து இந்தக் கரைக்கு வந்து, தங்கேஸ்வரி உட்கார்ந்திருந்த இடத்திலேயே வந்து நின்றது. அவள் ஏதோ ஞாபகத்தில் அந்த மூக்கைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, கேரட்டை அப்படியே விட்டுவிட்டு, ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ராசகம்பீரத்திடம் போனாள்.

"அண்ணே, நான் அந்தக் கரைக்குப் போகணும்."

"ரவுண்டா?"

"இல்லண்ணே. போகணும்."

ராசகம்பீரம் டிக்கெட் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "போற டிக்கெட்டுன்னு ஒண்ணு கெடையாதேம்மா. சுத்துற டிக்கெட்டுதான்."

பக்கத்தில் படகு கட்டிக்கொண்டிருந்த சூசைமுத்து சொன்னார்: "சுத்துற டிக்கெட்டே குடுங்க மொதலாளி. பாதி ரவுண்டுல அது எறங்கிக்கட்டும்."

"அப்ப மீதி ரவுண்ட யாருடா சுத்துறது?"

"நாந்தான்."

"ஒனக்கு டிக்கெட்டு?"

"நான் என்னிக்கு டிக்கெட்டு எடுத்தேன்?"

ராசகம்பீரம் இதில் எங்கோ ஒரு தப்பு இருக்கிறது என்று தேடினார், கிடைக்கவில்லை. "லைஃப் ஜாக்கெட் போட்டுக்க" என்றார்.

இருபத்தி ரெண்டு வருஷமாக அந்த ஏரியில் படகு ஓட்டுகிற சூசைமுத்து வலப்பக்கம் உட்கார்ந்து திருப்புகிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார், தங்கேஸ்வரி இடப்பக்கம் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸ் காலால் பெடலை மிதித்தாள். வாத்து தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நேராகப் போனது, பஸ்ஸின் பச்சை மூக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது, கலாராணியின் முகம் தெரிந்தது, குழந்தையின் துண்டில் இருந்த பூப்போட்ட கரை தெரிந்தது, அப்புறம் பாறை தெரிந்தது, அப்புறம் கேரட் மூட்டையும் எஸ்தரு அக்காவும் தெரிந்தார்கள்.

"அண்ணே, திருப்பிட்டீங்க."

"அய்யய்யோ." சூசைமுத்து தன் கையையே பார்த்தார். "கை தானா வந்துருச்சு தங்கச்சி. இரு, இன்னொரு தரம்."

இன்னொரு தரமும் அதே இடத்தில் அவர் கை திரும்பியது. மூன்றாவது தரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார், அப்போதும் திரும்பியது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நாலு முழம் பாக்கி இருக்கும்போது, கண்ணு அந்தக் கரையப் பாத்ததும் கை திரும்பிருது. நான் என்ன செய்ய?"

தங்கேஸ்வரி ஆம்பளைகளுக்கு இதைச் செய், அதைச் செய் என்று சொல்லிப் பழகியவள் இல்லை. கீழே, தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அப்ப கண்ண மூடிக்கங்கண்ணே. நான் சொல்றேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் சொன்னாள்: நேரா. நேராத்தான். கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம். போதும். மிதிங்க. இன்னும் மிதிங்க. கையத் தளர விடாதீங்க. நேரா. நேரா. வாத்து கரையில் முட்டிக் குலுங்கி நின்றபோது, அந்தப் பக்கத்து ஜனம் மொத்தமும் ஓவென்று கத்தியது. ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த படகு ஒன்று அவர்களை இறக்கிவிட்டதை அந்த ஜனத்தில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. பஸ் டிரைவரும் கண்டக்டரும் இறங்கி ஓடி வந்தார்கள், கார்க்காரர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு ஓடி வந்தார்கள், பின்னால் இருந்தவர்கள் என்னவென்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தார்கள்.

தங்கேஸ்வரி லைஃப் ஜாக்கெட்டைக்கூட அவிழ்க்காமல் குழந்தையைப் பறித்துக்கொண்டாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வயிறு உப்பியிருந்தது. கடைவாயில் ஒரு சொட்டுப் பால்.

அவள் கலாராணியைப் பார்த்தாள்.

"இப்பத்தான் அண்ணி. அழுது அழுது நீலம் பாரிச்சுப் போனா. அந்த அக்காதான் வாங்கிப் பால் குடுத்தாங்க."

பஸ்ஸுக்குப் பின்னால் நின்ற ஒரு வேனின் படிக்கட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தங்கேஸ்வரி வயதுதான் இருக்கும், தூங்காத முகம், மடியில் வீறிட்டு அழுகிற ஒரு ஆண்குழந்தை. எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

"நீங்கதான் அம்மாங்களா? ஒரு வார்த்த உங்களக் கேக்காமக் குடுத்துப்போட்டேனுங்க. கோவிச்சுக்காதீங்க. கையி காலெல்லாம் வெட்டி வெட்டி இழுத்துச்சுங்க, பாத்துட்டு இருக்க முடீல."

 தங்கேஸ்வரிக்கு அவள் காலிலும் விழலாம் போலிருந்தது, சண்டையும் போடலாம் போலிருந்தது. நாலு மணி நேரமாகக் கல்லாய்க் கனத்துக் கிடந்த மாரைச் சுமந்துகொண்டு, ஏரியை மூன்று தடவை சுற்றி, நாலாவது தடவை தாண்டி வந்தால், குழந்தை வேறொருத்தி பாலைக் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறது. யாருக்காக வந்தோம், எதற்காக வந்தோம் என்று அவளுக்கே குழப்பமாகிவிட்டது. "உங்க பேரென்னங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"மோகனப்பிரியாங்க."

"உங்க பையன் ஏன் அழுவுறான்?"

மோகனப்பிரியா தலையைக் குனிந்தாள். "இவனுக்கு இல்லாமப் போச்சுங்க. நேத்துலருந்து சரியாச் சாப்பாடு இல்ல. இருந்தது அவ்வளவுதானுங்க."

தங்கேஸ்வரி தன் குழந்தையைக் கலாராணியிடமே திருப்பிக் கொடுத்தாள். லைஃப் ஜாக்கெட்டை அவிழ்த்தாள். ரோட்டு நடுவில், வண்டிகளுக்கும் ஏரிக்கும் இடையே இருந்த பத்தடித் தாரில், சம்மணம் போட்டு உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "குடுங்க" என்றாள். பையன் ஒரு கணம் வாயை எடுத்து யார் இது என்பதுபோல் அவளைப் பார்த்தான், பிறகு மூச்சு விடாமல் குடிக்க ஆரம்பித்தான்.

அந்த நேரத்தில் ஏரி பார்த்தது. ஏறுகிற பக்கம் இன்ஜின் சத்தமே இல்லை. டிரைவர்கள் எல்லாரும் இறங்கி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள், வண்டிகள் ஆளில்லாமல் சும்மா நின்றன. ஏறுகிறவர் யாரும் இல்லையென்றால் இறங்குகிறவர் போகலாம் என்பதும் அதே முறைதானே? ஏரி உடம்பை ஒடுக்கிக்கொண்டு, பள்ளத்துப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, கிளம்பியது.

"நகருது! நகருதுடோய்!"

மேல்கரையில் ஏட்டையா விசிலைப் பலம்கொண்ட மட்டும் ஊதினார். கேரட் மூட்டைகளைப் பின்னால் இழுத்தார்கள், வாத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன, ராசகம்பீரம் ஸ்டூலோடு ஓடினார். கீழ்க்கரையில் எல்லாரும் வண்டியை ஓரம் கட்ட ஓடினார்கள். ஹாரன்கள் மறுபடி பிடித்துக்கொண்டன. மோகனப்பிரியாவின் புருஷன் வேன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறு புள்ள, பையனை வாங்கு, ஏறு" என்று கத்தினான். கலாராணி, "அண்ணி, எந்திரிங்க அண்ணி" என்று தோளைப் பிடித்து இழுத்தாள். ஏரியின் முன்விளிம்பு ஒரு சின்ன அலையாகச் சுருண்டு, தாரில் சலசலத்துக்கொண்டு வந்தது.

பையன் விடவில்லை. ரெண்டு கையாலும் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

தங்கேஸ்வரி கையைத் தூக்கினாள். "நில்லு" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. அவள் மூச்சை இழுத்து, மலை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள்: "நில்லுங்கறேன்ல! புள்ள குடிக்குது தெரியல?"

அலை அவள் பூட்ஸ் நுனிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அதற்குப் பின்னால் ஏரி நின்றது. ஏட்டையா விசிலை எடுத்துப் பைக்குள் போட்டார். மோகனப்பிரியாவின் புருஷன் வேன் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். ஹாரன்கள் ஒவ்வொன்றாக, முன்னாலிருந்து பின்னாலாக, வளைவு வளைவாக அடிவாரம் வரைக்கும் அடங்கின.

ஏரி அப்புறம் எங்கே போனது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கடலுக்கு என்பார்கள், வேறொரு மலைக்கு என்பார்கள், பின்பக்கமாக ஊருக்கே திரும்பிவிட்டது என்று சத்தியம் செய்கிறவர்களும் உண்டு. ஆனால் அன்றைக்கு அந்த மலையில் அது எவ்வளவு நேரம் நின்றது என்பதில் மட்டும் யாருக்கும் ரெண்டு பேச்சு இல்லை. பையன் அவசரப்படவில்லை. நடுவில் ஒரு தூக்கம்கூடப் போட்டான். தங்கேஸ்வரி அவனை எழுப்பி, தோளில் போட்டு முதுகைத் தட்டி, ஏப்பம் வந்த பிறகு, நானூறு வண்டிகளையும் ஒரு ஏரியையும் பார்த்தபடி அவனை அடுத்த மாருக்கு மாற்றிப் போட்டாள்.